கிட்டாரை நேரடியாக ரெக்கார்ட் செய்கிறீர்களா? கோளாறைப் பார்த்து டிஐ பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள்

டிஐ பாக்ஸ் என்பது கிட்டாரின் சிக்னலை மைக் உள்ளீட்டுக்குப் பொருந்தும்படி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி. எந்த டிஐ பாக்ஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இப்போது காதில் என்ன கோளாறு விழுகிறது? டல்லாக இருப்பதற்கு ஒரு மருந்து, ஹம் வருவதற்கு வேறு மருந்து, சத்தம் உடைவதற்கு இன்னொன்று. கோளாறு தெரியாமல் பெட்டியை வாங்கினால் பணம் போவதோடு பழைய கோளாறும் அப்படியே இருக்கும். என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பெட்டியே தேவைப்படவில்லை. அதனால் இதைக் கோளாறு வாரியாகவே எழுதுகிறேன், உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள். மூன்று மீட்டர் நல்ல கேபிள் ஒன்று, நடுவில் பெடல் எதுவும் வேண்டாம், கிட்டாரில் வால்யூமும் டோனும் முழுசாகத் திறந்திருக்க வேண்டும், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) 'இன்ஸ்ட்' என்றோ 'ஹை-இசட்' என்றோ போட்டிருக்கும் உள்ளீட்டில் கிட்டாரைச் செருகி, பலமாக அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 வரை போகிற மாதிரி கெய்ன் வைத்து, ஆம்ப் ப்ளகின் (ஆம்ப்பைப் போல ஒலிக்கச் செய்யும் மென்பொருள்) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அரை நிமிடம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். இனி வருகிற எல்லாவற்றையும் இந்த அரை நிமிடப் பதிவோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

மெலிசாக, கம்பியைச் சுரண்டுவது போல இருக்கிறது

இது கோளாறே இல்லை. கிட்டார் ஆம்ப்பில் இருக்கிற 12 இன்ச் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். நாம் எல்லோரும் 'கிட்டார் சத்தம்' என்று பழகியிருப்பது அந்த ஸ்பீக்கர் வடிகட்டிக் கொடுத்த சத்தத்தைத்தான். நேரடிப் பதிவில் அந்த வடிகட்டி இல்லை. கேபினெட் சிமுலேஷன் (அந்த ஸ்பீக்கரைப் போலவே வடிகட்டும் மென்பொருள்) ஒன்றைப் போட்டுக் கேளுங்கள், உடனே சரியாகிவிடும். இதற்காக டிஐ பாக்ஸ் வாங்க வேண்டாம்.

டல்லாக, போர்வையைப் போர்த்தின மாதிரி இருக்கிறது

அதிகம் வருகிற புகார் இதுதான், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: பிக்கப்பின் மேல் ஏறியிருக்கும் சுமை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி. ஸ்ட்ராட் வகை கிட்டாரின் சிங்கிள் காயில் (ஒரே சுருள்) பிக்கப் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் மின்தடை 6 கிலோ ஓம் போல இருக்கும், இண்டக்டன்ஸ் 2.5 ஹென்றி போல. இண்டக்டன்ஸ் இருப்பதால் சுருதி ஏற ஏற அதன் எதிர்ப்பும் ஏறும். 100 ஹெர்ட்ஸில் 6 கிலோ ஓம்தான், 4000 ஹெர்ட்ஸில் அது 60 கிலோ ஓமைத் தாண்டிவிடும். இதைக் கொண்டுபோய் 10 கிலோ ஓம் லைன் உள்ளீட்டில் செருகினால் கீழ் சுருதியில் 4 டெசிபல் போகும், 4000 ஹெர்ட்ஸில் 16 டெசிபல் போய்விடும். பிக் கம்பியில் படும் அந்தக் 'க்ளிக்', கார்டின் மினுமினுப்பு எல்லாம் இருப்பது அங்கேதான். ஈக்யூவில் தூக்கிப் பார்த்தால் இரைச்சலும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும், போன பளபளப்பு திரும்பாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இன்டர்ஃபேஸ் உண்மையிலேயே இன்ஸ்ட் நிலையில்தான் இருக்கிறதா என்பதை. சில இன்டர்ஃபேஸ்களில் இதற்குப் பட்டனே கிடையாது, கணினியில் அதன் மென்பொருளைத் திறந்துதான் மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, சர்ச் பேண்டில் வாசிப்பவர், டல்லாக இருக்கிறது என்று கம்பி மாற்றினார், கேபிள் மாற்றினார், கடைசியில் பிக்கப்பையே மாற்றுகிற முடிவுக்கு வந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது மென்பொருளில் முதல் உள்ளீடு 'லைன்' என்று இருந்தது. ஒரு க்ளிக்கில் மாற்றினோம், ஹெட்போனைக் கழற்றாமல் அரை மணி நேரம் வாசித்துக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்ட் நிலையில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் ஏற்கெனவே ஒரு டிஐ பாக்ஸ் இருக்கிறது என்றால் அதன் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு, கூடினால் சுமை குறையும்) எவ்வளவு என்று பாருங்கள். பெட்டியைப் பற்றி ஒரே ஒரு எண் தெரிந்துகொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். வால்வ் கிட்டார் ஆம்ப்பின் உள்ளீடு வழக்கமாக 1 மெகா ஓம், பிக்கப்புகள் அதற்காகவே உருவானவை. பெயர் பெற்ற பாஸிவ் (மின்சாரம் தேவைப்படாத) பெட்டியான ரேடியல் ஜேடிஐ 140 கிலோ ஓம். அதே நிறுவனத்தின் ஆக்டிவ் (மின்சாரத்தில் ஓடும்) பெட்டி ஜே48 220 கிலோ ஓம். மலிவாகக் கிடைக்கும் பெரிஞ்சர் டிஐ100 250 கிலோ ஓம். பிஎஸ்எஸ் ஏஆர்-133 1 மெகா ஓம், ரூபர்ட் நீவ் ஆர்என்டிஐ 2.2 மெகா ஓம், கன்ட்ரிமேன் டைப் 85 10 மெகா ஓம்.

இதில் கவனிக்க வேண்டியது, விலைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் குறைவு. ஜேடிஐ அருமையான பெட்டி, பேஸுக்கும் கீபோர்டுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் பாஸிவ் சிங்கிள் காயில் கிட்டாரை அதில் நேராகச் செருகினால் மேல் சுருதி கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். சிலருக்கு அந்த அமுங்கல் பிடிக்கும், ஜாஸ் வாசிப்பவர்களுக்குக் குறிப்பாக. க்ளீன் ஃபங்க் வாசிப்பவருக்குப் பிடிக்காது.

பாஸிவ் பெட்டிதான் கையில் இருக்கிறது, புதிது வாங்க மனமில்லை என்றால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பாஸ் டியூ-3 போன்ற பஃபர் உள்ள ட்யூனர் பெடல் இருந்தால் கிட்டாருக்கும் பெட்டிக்கும் நடுவில் வையுங்கள், பெடலுக்கு மின்சாரம் இருந்தால் போதும், ட்யூனரை அணைத்தே வைக்கலாம். கிட்டார் பக்கம் அது 1 மெகா ஓமாகத் தெரியும், வெளியே 1 கிலோ ஓமில் சிக்னலைத் தள்ளும். அதற்குப் பிறகு 140 கிலோ ஓம் ஆனாலும் 10 கிலோ ஓம் ஆனாலும் பிக்கப்புக்கு அதன் சுமை தெரியாது. 'ட்ரூ பைபாஸ்' (அணைத்தால் சிக்னலைத் தொடாமல் நேராக விடுவது) என்று போட்ட பெடல் அணைந்த நிலையில் இந்த வேலையைச் செய்யாது.

அடுத்தது கேபிள் நீளம். சாதாரணக் கிட்டார் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். மேலே சொன்ன ஸ்ட்ராட் பிக்கப்புக்கு 3 மீட்டர் கேபிளில் ஒத்ததிர்வு உச்சம் (சத்தம் பளிச்சென்று எழும் சுருதி) 5000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், 6 மீட்டரில் 3800க்கு இறங்கும், 10 மீட்டரில் 3000க்கு வந்துவிடும். கேட்டாலே தெரிகிற வித்தியாசம் இது. வாசிப்பவர் ஒரு அறையிலும் கணினி இன்னொரு அறையிலும் இருந்தால் டிஐ பாக்ஸை வாசிப்பவரின் காலடியில் வைத்து, கிட்டார் கேபிளைச் சின்னதாக வைத்துக்கொண்டு, மீதித் தூரத்தை எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மூன்று பின் உள்ள மைக் கேபிள்) ஓட்டுங்கள். டிஐ பாக்ஸ் வாங்குவதற்கு முழு நியாயம் உள்ள இடம் இது.

இஎம்ஜி போல பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடலாம், அதன் வெளியீடு சுமைக்கு அவ்வளவாக அசையாது. அக்கூஸ்டிக் கிட்டாரில் பியெசோ (அழுத்தத்தை மின்சாரமாக்கும்) பிக்கப் இருந்தால் கதை தலைகீழ், இம்பீடன்ஸ் குறைந்தால் அங்கே காணாமல் போவது பேஸ். அதற்கு 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

ஹம், இரைச்சல், பொய்ங் என்று ஏதோ ஒன்று

'ஹம் வருகிறது' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், உள்ளே நான்கைந்து வேறு வேறு நோய் இருக்கிறது. வாசிப்பதை நிறுத்திவிட்டு இரைச்சலை மட்டும் கேட்டபடி ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

கிட்டாரின் வால்யூமை முழுசாகக் குறையுங்கள். இரைச்சல் போய்விட்டால் அது பிக்கப் வழியாகத்தான் வருகிறது. போகவில்லை என்றால் கேபிள், பெட்டி, எர்த் பக்கம் தேட வேண்டும்.

பிக்கப் வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிட்டாரோடு மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் இரைச்சல் ஏறி, அங்கிருந்து கால் சுற்று திரும்பினால் கிட்டத்தட்ட அடங்கிவிடும். சிங்கிள் காயில் பிக்கப் ஒரு ஆன்டெனா மாதிரி, சுற்றியுள்ள காந்தப்புலத்தை வாங்குகிறது. அடங்கின திசையைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவைத்து அங்கேயே உட்கார்ந்து வாசியுங்கள். எத்தனை ஆயிரம் கொடுத்து டிஐ பாக்ஸ் வாங்கினாலும் இந்த இரைச்சல் குறையாது, ஏனென்றால் பெட்டிக்கு வரும்போதே அது சிக்னலோடு கலந்துதான் வருகிறது.

இங்கே நம் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபேன் ரெகுலேட்டர். எங்கள் வீட்டில் சீரான 'ம்ம்ம்' இல்லாமல் தேனீ கூட்டம் போல 'ஜ்ஜ்ஜ்' என்று ஒன்று வந்துகொண்டிருந்தது. ஃபேனை மூன்றில் வைத்தால் மோசம், ஐந்தில் வைத்தால் கேட்கவே கேட்காது, அணைத்தால் சுத்தம். திருகு போலச் சுற்றுகிற பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அது. அந்த வகை ஒவ்வொரு மின் அலையையும் பாதியில் வெட்டி வேகத்தைக் குறைக்கிறது, அந்த வெட்டுதான் பிக்கப்பில் 'ஜ்ஜ்ஜ்' என்று கேட்கிறது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, படிப்படியாக மாறுகிற கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றினேன், அன்றோடு அது ஒழிந்தது. உடனே மாற்ற முடியாது என்றால் பதிவு செய்யும்போது ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள் அல்லது நிறுத்துங்கள். மலிவான எல்இடி பல்பு, மானிட்டர் திரை, மேஜை மேல் கிடக்கும் மொபைல் இவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்து, நகர்த்திப் பாருங்கள்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் ஏறுகிறது என்றால் அது இயல்பு. உங்கள் உடம்புதான் அறையின் இரைச்சலை வாங்குகிறது, கம்பியைத் தொடும்போது அது எர்த்துக்குப் போய்விடுகிறது. தொட்டால் ஏறுகிறது என்றால் கிட்டாருக்குள் ஒயர் மாறியிருக்கலாம் அல்லது பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கலாம். சோல்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவரிடம் பத்து நிமிட வேலை.

இப்போது லேப்டாப் சார்ஜரைச் செருகுங்கள். இரைச்சல் திடீரென்று ஏறினால் ஆள் கிடைத்துவிட்டார். இரண்டு பின் சார்ஜரில் எர்த்தே கிடையாது. லேப்டாப்பின் உலோக மூடியைப் புறங்கையால் மெல்லத் தடவினால் விறுவிறு என்று ஒரு மாதிரி சொரசொரப்பு தெரியும், அந்தக் கசிவுதான் யுஎஸ்பி வழியாக ஒலியில் கலக்கிறது. பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்வதுதான் எளிய வழி. அது முடியாது என்றால் எர்த் உள்ள மூன்று பின் சார்ஜர், அந்தச் சுவர் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்க வேண்டும். பல வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்காது.

கிட்டாரை ஒரே நேரத்தில் ஆம்ப்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் அனுப்பும்போது மட்டும் ஹம் வந்தால் அது கிரவுண்ட் லூப். ஆம்ப்புக்கு ஒரு எர்த், கணினிக்கு ஒரு எர்த், நடுவில் உங்கள் கேபிள் ஒரு வளையத்தை முடித்து வைக்கிறது. இங்கேதான் டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் தன் முழு மதிப்பைக் காட்டும். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளினால் எக்ஸ்எல்ஆரின் முதல் பின் துண்டிக்கப்பட்டு வளையம் உடையும், டிரான்ஸ்பார்மர் வழியாக ஒலி மட்டும் போகும், ஹம் கத்தரித்தது போல நின்றுவிடும். ஆனால் பெட்டியில் கிட்டார் மட்டும் தனியாக இருக்கும்போது பாஸிவ் பெட்டியின் கிரவுண்ட் லிஃப்டைப் போட்டால் கிட்டாருக்கு இருந்த ஒரே எர்த்தும் போய் ஹம் கூடும். கூடினால் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளுங்கள்.

பாஸிவ் பெட்டியில் மட்டும் வரும் மெல்லிய ஹம் இன்னொன்று உண்டு. பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர், பக்கத்தில் கிடக்கும் பவர் அடாப்டரின் காந்தப்புலத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு முழம் தள்ளி வைத்தாலே போய்விடும்.

கம்பியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது

வாசிப்பதை அங்கேயே நிறுத்துங்கள். இது ஒலிக் கோளாறு இல்லை, உயிர் விஷயம். ஹம் போக வேண்டும் என்று யாராவது ஆம்ப் ப்ளக்கின் எர்த் பின்னை உடைத்திருக்கலாம், எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கலாம். ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது அந்த மின்சாரம் உடம்பு வழியாகத்தான் போகும். எர்த்தைத் துண்டித்து ஹம்மைத் தீர்க்கிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். துண்டிக்க வேண்டியது ஒலிக் கேபிளின் கிரவுண்டை மட்டும்தான், அதற்குத்தான் பெட்டியில் சுவிட்ச் இருக்கிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்து பாயின்ட்டின் எர்த்தைச் சோதித்த பிறகு கிட்டாரை எடுங்கள்.

சத்தமே வரவில்லை, அல்லது எங்கோ தூரத்தில் கேட்கிறது

ஆக்டிவ் பெட்டிக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவரோ (மைக் கேபிள் வழியாக இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரம்) பேட்டரியோ வேண்டும். 48 வோல்ட் விளக்கு எரிகிறது, ஆனாலும் சத்தம் இல்லை என்றால் இன்டர்ஃபேஸ் பக்கம் என்ன ப்ளக் செருகியிருக்கிறது என்று பாருங்கள். காம்போ ஜாக்கில் சுற்றியுள்ள மூன்று ஓட்டைகளுக்கு மட்டும்தான் ஃபேன்டம் பவர் வரும், நடுவில் இருக்கும் கிட்டார் ஜாக்குக்கு வராது. எக்ஸ்எல்ஆரிலிருந்து ஜாக்குக்கு மாற்றும் கேபிள் போட்டிருந்தால் பெட்டி பட்டினிதான். இரு பக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள மைக் கேபிளைப் போடுங்கள்.

பாஸிவ் பெட்டியில் சத்தம் குறைவாக இருப்பது அதன் இயல்பு. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் பெரும்பாலும் 12க்கு 1 என்ற விகிதத்தில் சுற்றியிருக்கும், வோல்டேஜ் பன்னிரண்டில் ஒரு பங்காகும், அதாவது 21 டெசிபலுக்கு மேல் இறங்கும். அதை மைக் உள்ளீட்டில்தான் கொடுத்துத் தூக்க வேண்டும், லைன் உள்ளீட்டில் அல்ல. கெய்னை முக்கால் வரை ஏற்றியும் போதவில்லை, ஏற்றினால் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் வருகிறது என்றால் உங்கள் மைக் ப்ரீஆம்ப்புக்கு ஆக்டிவ் பெட்டிதான் பொருத்தம்.

பலமாக அடித்தால் உடைகிறது

எங்கே உடைகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இன்டர்ஃபேஸின் சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கே. விளக்கு எரியவில்லை, மீட்டரும் கீழேதான் இருக்கிறது, ஆனாலும் ஓரம் கிழிந்தாற்போல வருகிறது என்றால் பெட்டிக்குள் உடைகிறது. ஆக்டிவ் பெட்டியானால் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கலாம், சத்தம் உடைந்து, நோட்டின் வால் பகுதி விட்டு விட்டுக் கேட்டால் அதுதான். புது பேட்டரியிலும் உடைந்தால் பெட்டியின் பேட் சுவிட்சை (உள்ளே வரும் சிக்னலைக் குறைப்பது) போடுங்கள்.

இன்ஸ்ட் உள்ளீட்டில் கெய்ன் பூஜ்யத்தில் இருந்தும் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் பிக்கப்பின் வெளியீடுதான் அதிகம். ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) வைத்திருப்பவர்களுக்கு இது சகஜம். பெட்டி தேடுவதற்கு முன்னால் பிக்கப்பின் இருபுறத் திருகையும் சமமாகத் திருப்பி ஒரு மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். நான் இதைத்தான் முதலில் செய்வேன், சத்தமும் பெரும்பாலும் தெளிவாகும். அதற்கும் அடங்காவிட்டால் பாஸிவ் பெட்டி வழியாக மைக் உள்ளீட்டுக்குப் போங்கள், முன்பு குறையாகத் தெரிந்த அந்த 21 டெசிபல் இறக்கம் இங்கே வரமாகிவிடும்.

ஆம்ப் மைக்கோடு சேர்த்தால் சத்தம் சப்பென்று ஆகிவிடுகிறது

டிஐ தனியாக நன்றாக இருக்கிறது, மைக் டிராக் தனியாக நன்றாக இருக்கிறது, சேர்த்தால் வயிறு ஒட்டிப்போகிறது. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர்தான் போகும். மைக் ஸ்பீக்கரிலிருந்து 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 44.1 கிலோ ஹெர்ட்ஸ் பதிவில் அது டிஐ டிராக்கை விட 44 சாம்பிள் பின்னால் வரும். முதல் பிக் அடியை இரண்டு டிராக்கிலும் பெரிதாக்கிப் பார்த்து மைக் டிராக்கை முன்னால் இழுங்கள். அலை ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் கிளம்பினால் போலாரிட்டி பட்டனையும் (அலையைத் தலைகீழாக்குவது) அழுத்துங்கள். இது எந்தப் பெட்டியிலும் வரும்.

பதிவு செய்ததைத் திரும்ப ஆம்ப்புக்கு அனுப்பினால் உயிரே இல்லை

டிஐ டிராக்கை இன்டர்ஃபேஸின் லைன் வெளியீட்டிலிருந்து நேராக ஆம்ப்பில் செருகுகிறீர்கள், அதனால்தான். லைன் அளவு கிட்டார் அளவை விடப் பெரியது, ஆம்ப்பும் ஃபஸ் போன்ற பெடல்களும் எதிர்பார்க்கிற உயர் இம்பீடன்ஸும் அங்கே இல்லை. அதற்கென்று ரீஆம்ப் பெட்டி உண்டு, டிஐ செய்வதைத் தலைகீழாகச் செய்யும். அவசரத்துக்குப் பாஸிவ் டிஐ பாக்ஸையே திருப்பிப் போட்டு ஓட்டலாம், ஆனால் வோல்டேஜ் பன்னிரண்டு மடங்காக ஏறும் என்பதால் கணினியில் வெளியீட்டை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்குங்கள். ஆக்டிவ் பெட்டியில் இப்படிச் செய்ய முடியாது.

ஆம்ப்பின் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து எடுக்கலாமா

வால்வ் ஆம்ப்பானால் ஸ்பீக்கரையோ லோட் பாக்ஸையோ (ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையாக நிற்கும் பெட்டி) கழற்றிவிட்டு டிஐ பாக்ஸை மட்டும் செருகவே கூடாது. சுமை இல்லாமல் ஓடும் வால்வ் ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம், அதை மாற்றுகிற செலவில் இரண்டு நல்ல டிஐ பாக்ஸ் வாங்கலாம். ஸ்பீக்கர் அளவைத் தாங்கும் என்று தெளிவாகப் போட்டிருக்கிற பெட்டியாக இருந்தால், மைனஸ் 40 டெசிபல் பேடைப் போட்டு, ஸ்பீக்கரும் இணைந்தபடியே இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, வாங்கித்தான் ஆக வேண்டும்

பாஸிவ் பிக்கப், நீளமான கேபிள், சத்தம் பளிச்சென்று வேண்டும்: 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் உள்ள ஆக்டிவ் பெட்டி. ஆம்ப்பும் இன்டர்ஃபேஸும் சேர்ந்து ஹம் வருகிறது: டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டி, முன்னால் ஒரு பஃபர். ஆக்டிவ் பிக்கப், அல்லது பெடல்போர்டின் கடைசியில் பஃபர் உள்ள பெடல்: பாஸிவே போதும், பேட்டரி கவலையும் இல்லை. அறையில் தனியாக உட்கார்ந்து மூன்று மீட்டர் கேபிளில் இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட் உள்ளீட்டுக்கு வாசிக்கிறீர்கள், அந்த அரை நிமிடப் பதிவும் சுத்தமாக இருக்கிறது: எதுவும் வேண்டாம், கம்பியை மாற்றுங்கள்.

கடையில் வாங்கும்போது உங்கள் கிட்டாரையும் கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். கார்டு வேண்டாம், மெல்லிய இரண்டு கம்பியை மட்டும் பிக்கால் மெல்லத் தட்டுங்கள், முதலில் நேராக, அப்புறம் பெட்டி வழியாக. சத்த அளவை இரண்டிலும் ஒன்றாக்கிவிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் கொஞ்சம் சத்தம் கூடினாலும் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும்.